அழித்தது, அழிந்தது, அழிக்கப்பட்டது

2004-இல் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் அறுபதுகளின் கலை பற்றிய ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. குஸ்டாவ் மெட்ஸ்கரின் படைப்பு ஒன்றும் அங்கே இருந்தது. அமிலம் தின்ற நைலான் துணி, ஒரு மேசை, பக்கத்தில் காகிதமும் அட்டையும் அடைத்த ஒரு பிளாஸ்டிக் பை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் பையைப் பார்த்தார், குப்பை என்று நினைத்து அப்புறப்படுத்திவிட்டார். பிறகு தேடிப் பையை மீட்டார்கள். அதற்குள் அது சிதைந்துபோயிருந்தது. மெட்ஸ்கர் வேறொரு பையை நிரப்பிக் கொடுத்தார். அதன்பின் இரவு நேரங்களில் அந்தப் படைப்பை மூடிவைக்கத் தொடங்கினார்கள்.

செய்தி உலகம் முழுவதும் துணுக்காகச் சுற்றியது. இன்றைய கலைக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் எல்லாருக்கும் சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கலையை உலகுக்கு முன்மொழிந்தவரே மெட்ஸ்கர்தான். அவருடைய படைப்பின் ஒரு பகுதி அழிந்ததில் அவருக்கு என்ன குறை? ஏன் மறுபடியும் ஒரு பையை நிரப்பினார்?

இதற்கு விடை தேட நம் மொழியின் வினைச்சொல் ஒன்று உதவும். 'அழிந்தது' என்றால் தானாக இல்லாமற்போனது, தன்வினை. 'அழித்தது' என்றால் ஒருவர் கைவைத்து இல்லாமற்செய்தது, பிறவினை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே எழுத்து. மெல்லின 'ந்' வல்லின 'த்' ஆகும்போது செயலுக்குப் பொறுப்பாளி ஒருவர் வந்துவிடுகிறார். மூன்றாவதாக 'அழிக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வடிவமும் உண்டு. அங்கே பேச்சு அழிவுக்கு உள்ளானதைப் பற்றியது; செய்தவர் பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம்.

கடந்த அறுபது எழுபது ஆண்டுகளின் காட்சிக்கலையில் அழிவு ஒரு பெரும் கருப்பொருள். கலை விமர்சனம் பல நேரம் இவை அனைத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. அமிலம் ஊற்றுவதும், பழத்தோல் காய்ந்து சுருங்குவதும், குண்டு விழுந்த வீட்டை நினைவிலிருந்து வரைவதும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. மூன்று வினைகளையும் பிரித்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் அழிவுக்குப் பின் ஏதோ ஒன்று எஞ்சுகிறது. அந்த எச்சம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் இக்கலையின் அரசியலும் அறமும் இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அழித்தது

மெட்ஸ்கர் 1926-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில், போலந்து யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். நாஜிக் கட்சியின் மாபெரும் பேரணிகள் நடந்த ஊர் அது. 1939-இல், யூதச் சிறுவர்களை ஜெர்மனியிலிருந்து வெளியேற்றிய மீட்புப் பயணங்களில் ஒன்றின் வழியாக அண்ணனோடு இங்கிலாந்து வந்துசேர்ந்தார். பெற்றோர் இன அழிப்பில் மாண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1959 நவம்பரில், தன்னழிவுக் கலை பற்றிய முதல் அறிக்கையை அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் இரண்டாவது அறிக்கை வந்தது. அணுகுண்டைக் குவித்து வைத்திருக்கும் சமூகத்துக்கு அதன் முகத்தையே காட்டுவது அவர் நோக்கம். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்றுச் சிறைக்கும் போனவர் அவர்.

1961 ஜூலை 3 அன்று தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் அவர் இதைச் செய்துகாட்டினார். சட்டங்களில் இழுத்துக் கட்டிய நைலான் விரிப்புகள்மீது, முகமூடி அணிந்துகொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தெளித்தார். அமிலம் பட்ட இடம் உருகிக் கிழிந்து சுருண்டது. விரிப்பு முழுக்கக் கரைந்தபோது, அது மறைத்திருந்த நகரம் ஆற்றுக்கு அப்பால் தெரிந்தது.

அறிக்கையில் ஒரு நிபந்தனை உண்டு. இத்தகைய படைப்பின் ஆயுள் சில கணங்களிலிருந்து இருபது ஆண்டுகள்வரை இருக்கலாம். சிதைவு முடிந்ததும் மிச்சத்தை அகற்றி எறிந்துவிட வேண்டும். எஞ்சியதை விற்கவோ சேர்த்துவைக்கவோ அங்கே இடமில்லை. வணிகரின் கையில் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதே அந்த நிபந்தனையின் கூர்மை. டேட்டில் நடந்ததன் சிக்கல் இப்போது விளங்கும். மெட்ஸ்கரின் அழிவுக்கு அதற்கேயுரிய கடிகாரம் இருந்தது; அதை முடுக்கியவர் கலைஞர். தவறுதலாகக் குப்பைக்குப் போன பை வேறொருவரின் பிறவினை. இன்னொரு முரணும் இங்கே ஒளிந்திருக்கிறது. எப்போதோ அழிந்துபோயிருக்க வேண்டிய ஒன்று மீண்டும் செய்யப்பட்டு, அருங்காட்சியகத்துக்குள் வந்து, இரவில் போர்வை போர்த்திக்கொண்டது. எச்சத்துக்கு எதிராக எழுதப்பட்ட அறிக்கைக்கே ஓர் எச்சம் உண்டாகிவிட்டது.

இது மெட்ஸ்கருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் சுவிஸ் சிற்பி ஜான் டிங்கெலி ஒரு ராட்சத இயந்திரத்தை நிறுத்தினார். சைக்கிள் சக்கரங்கள், பியானோ, குளியல் தொட்டி, மோட்டார்கள் எல்லாம் அதில் இருந்தன. தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்படி அமைத்த அந்த இயந்திரம் 27 நிமிடம் ஓடியது. திட்டமிட்டபடி எல்லாம் உடையவில்லை. தீப்பிடித்தபோது தீயணைப்பு வீரர் தலையிட்டார். கூடியிருந்தவர்கள் உடைந்த துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். ஒரு பகுதி அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே சேர்ந்தது.

தமிழில் பென்சில் கோட்டை ரப்பரால் நீக்குவதற்கும் ஊரைத் தரைமட்டமாக்குவதற்கும் 'அழி' என்ற ஒரே சொல்தான். இந்த இரட்டைப் பொருளுக்கு ராபர்ட் ராஷன்பெர்க் நல்ல உதாரணம். 1953-இல் அவர், புகழின் உச்சியில் இருந்த வில்லெம் டி கூனிங்கிடம் போய், அழிப்பதற்காகவே ஒரு சித்திரம் கேட்டு வாங்கினார். வாரக்கணக்கில் தேய்த்து அழித்தார். எஞ்சிய மங்கலான தாளைச் சட்டமிட்டுத் தன் படைப்பாக முன்வைத்தார். இப்போது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தாளை 2010-இல் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்து, கணினியின் உதவியோடு பழைய கோடுகளின் சாயலை வெளிக்கொணர்ந்தார்கள். அழிப்பதைக் கலையாகக் கருதிய ஒருவரின் உழைப்பை மதித்துக் காக்கும் நிறுவனமே, அவர் அழித்ததையும் மீட்டெடுக்க ஆசைப்படுகிறது.

சந்தையின் பசியைச் சொல்ல ஒரே ஒரு நிகழ்வு போதும். 2018 அக்டோபர் 5 அன்று லண்டன் சதபீஸ் ஏலத்தில் பேங்க்ஸியின் 'பலூன் சிறுமி' சுமார் 10.4 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. சுத்தியல் விழுந்த கையோடு, சட்டத்துக்குள் ஒளித்திருந்த கத்திகள் படத்தைக் கீழ்நோக்கி நறுக்கத் தொடங்கிப் பாதியில் நின்றன. ஏல முறையை எள்ளுவதற்காகச் செய்தது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். படத்துக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. 2021-இல் அதே ஏல நிறுவனத்தில் அந்தப் பாதி நறுக்கிய படம் சுமார் 1.86 கோடி பவுண்டுக்குப் போனது. முழுப் படத்தைவிடக் கிழிந்த படம் பதினேழு மடங்குக்கும் மேல் விலை பெற்றது.

ஏன் இப்படி? பிறவினையில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நாள், இடம், செய்தவர் எல்லாம் தெளிவு. புகைப்படத்தில் அடங்கும், கதையாகச் சொல்ல வரும். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 1995-இல் ஹான் காலத்துத் தாழி ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட்டதை நாம் அறிவது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களால்தான். கையில் தாழி, காற்றில் தாழி, காலடியில் சில்லுகள். பழையவற்றை ஒழிக்கச் சொன்ன கலாச்சாரப் புரட்சியின் வன்முறையை அவர் மூன்று சட்டகங்களில் திருப்பி நடித்துக்காட்டினார். படங்கள் உலகம் சுற்றின. 2014-இல் மயாமி அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களுக்கு முன்னால் வைத்திருந்த அவருடைய சாடிகளில் ஒன்றைப் பார்வையாளர் ஒருவர் எடுத்துப் போட்டு உடைத்தபோது, அது குற்றமாக நடத்தப்பட்டது. ஐ வெய்வெய்யும் அதை ஏற்கவில்லை. உடைக்கும் உரிமை எச்சத்துக்கு உடையவருக்கே உரியது என்பது அங்கே வெளிப்பட்டது.

இந்த வரிசையில் மைக்கேல் லாண்டி கொஞ்சம் விலகி நிற்கிறார். 2001 பிப்ரவரியில், லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மூடிக்கிடந்த ஒரு துணிக்கடைக்குள், தனக்குச் சொந்தமான 7,227 பொருள்களையும் இரண்டு வாரத்தில் உடைத்து நொறுக்கினார். நகரும் பட்டைகளில் பொருள்கள் வந்துகொண்டே இருந்தன. பணியாளர்கள் அவற்றைக் கழற்றிப் பிரித்துத் தூளாக்கினார்கள். கார், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், நண்பர்கள் கொடுத்த ஓவியங்கள், அப்பாவின் தோல் மேலங்கி எதுவும் தப்பவில்லை. தூள் நிலநிரப்புக் கிடங்குக்குப் போனது. விற்க எதுவும் மிஞ்சவில்லை. மெட்ஸ்கரின் நிபந்தனையை நாற்பதாண்டுகளுக்குப் பின் நேர்மையாக நிறைவேற்றியவர் என்று லாண்டியைச் சொல்லலாம். மிஞ்சியது ஒரு பட்டியல் மட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு எழுதிய அந்தப் பட்டியல் நூலாக வந்தது. இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அழிந்தது

தன்வினைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இங்கே நிகழ்ச்சி என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. நாளும் பொழுதும் நடந்துகொண்டே இருப்பதை எந்தக் கணத்தில் படமெடுப்பது?

1970 ஜனவரியில் அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் கிடந்த பழைய மரக்கொட்டகை ஒன்றின்மீது ராபர்ட் ஸ்மித்ஸன் இருபது வண்டி மண்ணைக் கொட்டச் செய்தார். நடு உத்தரம் விரிசல் விடும்வரை கொட்டினார்கள், அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லா ஒழுங்கும் தானாகவே குலைவை நோக்கி நகரும் என்ற வெப்ப இயக்கவியல் விதியில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு. உத்தரம் விரிசல்விட்டதோடு தன் வேலை முடிந்தது, இனி காலத்தின் வேலை என்று அவர் ஒதுங்கினார். இயற்கையாகச் சிதைய விடவேண்டும் என்ற ஏற்பாட்டோடு படைப்பைப் பல்கலைக்கழகத்திடமே ஒப்படைத்தார்.

காலம் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு மே 4 அன்று அந்த வளாகத்தில் போர் எதிர்ப்பு மாணவர்கள்மீது தேசியக் காவல்படை சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். யாரோ ஒருவர் அந்தத் தேதியைக் கொட்டகையின் உத்தரத்தில் வெள்ளை நிறத்தில் எழுதிவைத்தார். 1973-இல் ஸ்மித்ஸன் விமான விபத்தில் இறந்தார். 1975-இல் கொட்டகையின் ஒரு பாதிக்கு யாரோ தீவைத்தார்கள். 1984-இல் மிச்சமும் அகற்றப்பட்டது. இப்போது அங்கே இருப்பது அடித்தளத்தின் தடம் மட்டும். தன்வினை என்று தொடங்கிய படைப்புக்குள் பிறவினைகள் புகுந்துகொண்டே இருந்தன. அதனாலேயே அந்தக் கொட்டகை ஒரு தலைமுறையின் நினைவுச் சின்னமாகியது.

ஸ்மித்ஸனின் சிதைவில் ஒரு கம்பீரம் உண்டு. டீட்டர் ரோத்தின் சிதைவு நாறும். 1968-இல் அவர் தன் மார்பளவு உருவத்தைச் சாக்லேட்டும் பறவைத் தீனியும் கலந்து வார்த்தார். பறவைகளுக்குத் தன்னையே தீனியாக வைத்த தற்படம் அது. 1970-இல் லாஸ் ஏஞ்சலஸ் காட்சிக்கூடம் ஒன்றில் பெட்டிகளில் பாலாடைக்கட்டியை அடைத்து வைத்தார். சில நாள்களில் புழுவும் ஈயும் நாற்றமும் கூடத்தை நிறைத்தன. ரோத்துக்குப் பூஞ்சைதான் கூட்டாளி. கலைப்பொருள் பேணுநர்களுக்கு அவர் பெரும் தலைவலி. பூச்சியைக் கொன்றால் படைப்பைக் கொன்றதாகும். பூச்சியை விட்டால் பக்கத்து அறையின் ஓவியங்களுக்கு ஆபத்து.

ஈவா ஹெஸ்ஸேயின் கதை இதைவிட நுட்பமானது. அவரும் மெட்ஸ்கரைப் போலவே யூதக் குழந்தை. 1936-இல் ஹாம்பர்கில் பிறந்து, அதே மாதிரியான சிறுவர் மீட்புப் பயணம் ஒன்றில் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். ஒருவர் அழிவை முழக்கமாக்கினார். மற்றவர் அழியக்கூடிய பொருளைச் சத்தமில்லாமல் கையில் எடுத்தார். நியூயார்க்கில் வளர்ந்த ஹெஸ்ஸே இயற்கை ரப்பர் பாலைத் துணியில் பூசிச் சிற்பங்கள் செய்தார். புதிதில் அவை தோலைப் போல் மினுமினுத்தன. ரப்பர் பால் ஆக்சிஜனோடும் ஒளியோடும் சேரும்போது அதன் நீண்ட மூலக்கூறு இழைகள் அறுபடும், இறுகும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு பழுப்பேறி அப்பளம் போல் நொறுங்கும். தன் பொருள் நீடிக்காது என்பது ஹெஸ்ஸேக்குத் தெரியும். வாங்குபவர்களை நினைத்து ஒரு குற்ற உணர்வும் அவருக்கு இருந்தது. மூளைக் கட்டியால் 1970-இல், 34 வயதில் அவர் இறந்தார். அவர் என்ன விரும்பியிருப்பார் என்று பேணுநர்களும் நண்பர்களும் பல ஆண்டுகள் வாதிட்டார்கள்.

1969-இல் அவர் செய்த 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்' விரியவும் சுருங்கவும் கூடியதாக இருந்தது. ரப்பர் பூசிய மெல்லிய துணி, நிற்கும் கழிகளுக்கு நடுவே திரைபோல் தொங்கியது. துணி விறைத்துப்போனதால் இன்று அது ஒரே நிலையில்தான் நிற்க முடியும். பல பத்தாண்டுகள் கிடங்கில் இருந்த அதை 2022-இல் குகன்ஹெய்ம் அருங்காட்சியகம், பேணுநர்களின் நீண்ட உழைப்புக்குப் பின் மீண்டும் காட்சிக்கு வைத்தது. பார்த்தவர்கள் கண்டது ஹெஸ்ஸே செய்ததையா, அவருக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் செய்ததையா? இரண்டையும்தான். தன்வினைக் கலையில் ஆசிரியர் இறந்த பிறகும் எழுதிக்கொண்டே இருக்கும் இன்னொரு கை உண்டு.

இந்தக் கையைத் தடுக்கலாமா என்ற கேள்விக்கு இரு எதிரெதிர் விடைகளைக் காணலாம். டேமியன் ஹர்ஸ்டின் சுறா 1991-இல் ஃபார்மால்டிஹைடு தொட்டியில் மிதந்தது. மருந்து உள்ளே சரியாகச் செல்லாததால் உடல் அழுகி, திரவம் கலங்கியது. 2006-இல் வேறொரு சுறா வந்து பழையதன் இடத்தைப் பிடித்தது. சாவைப் பற்றிய படைப்பு சாக மறுத்தது. பணம் அதற்குத் துணைநின்றது.

ஜோ லியோனார்டின் விடை வேறு. எய்ட்ஸ் நோய் நியூயார்க் கலைஞர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோன காலம் அது. நண்பர் டேவிட் வோய்னரோவிச் 1992-இல் இறந்தபின், லியோனார்ட் தின்ற பழங்களின் தோலை எடுத்து ஊசியும் நூலும் கொண்டு தைத்து மூடத் தொடங்கினார். ஆரஞ்சு, வாழை, எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம் என ஏறக்குறைய முந்நூறு தோல்கள். சிலவற்றில் பொத்தான்களும் ஜிப்புகளும் உண்டு. உள்ளே பழம் இல்லை. தைத்த காயம் மட்டும் இருந்தது. அவற்றைக் கெடாமல் காக்கும் வழியைக் கிறிஸ்டியன் ஷைடமன் என்ற பேணுநர் நீண்ட முயற்சிக்குப் பின் கண்டுபிடித்தார். பதப்படுத்திய தோல்களைப் பார்த்த லியோனார்ட் வேண்டாம் என்றார். அவை சுருங்கிக் கறுத்துத் தூளாவதே படைப்பு என்பது அவருக்கு அந்தக் கணத்தில் உறுதியாயிற்று. ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகம் 1998-இல் அவற்றை, அழியும் என்று தெரிந்தே வாங்கியது. காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் இங்கே காவலிருக்க மட்டும் ஒப்புக்கொண்டது, சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் உறவுக்காரரைப் போல.

அழிக்கப்பட்டது

இதுவரை சொன்னவர்கள் எல்லாரிடமும் ஒரு பொது வசதி உண்டு. எதை அழிப்பது, எதை அழியவிடுவது என்று தீர்மானிக்கும் வசதி. லாண்டியிடம் உடைப்பதற்கு 7,227 பொருள்கள் இருந்தன. உடைக்கும் முன் நிதானமாக எண் போடவும் நேரம் இருந்தது. உடைமைகளை யாரையும் கேட்காமல் பறிகொடுத்தவர்களின் கலை எப்படி இருக்கும்?

இடைப்பட்ட ஒரு நிலையை இந்தியக் கலைஞர் நளினி மலானியிடம் பார்க்கலாம். ராஜஸ்தானின் நாத்துவாராவில் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரற்றுச் சிதைவதைக் கண்டு, 1992-இல் மும்பை கேலரி கெமோல்டின் சுவர்களில் நேரடியாக வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் அவை வெள்ளையடிக்கப்பட்டன. பிறர் கைவிட்டதால் அழிந்துகொண்டிருந்த ஒன்றுக்கு, தானே அழிக்கவிட்ட ஒன்றால் சாட்சி சொன்னார். வாங்க எதுவும் இல்லாததால் விற்கவும் எதுவும் இல்லை.

யாழ்ப்பாணம் இந்தக் கேள்வியை இன்னும் கடுமையாக எழுப்புகிறது. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. திருத்திக் கட்டப்பட்ட அதே நூலகத்தில் 2004-இல் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் அங்கே வைத்த படைப்பு, போருக்குள் வாழ்ந்த சாதாரண மக்கள் தங்களிடம் மிஞ்சியதாகக் கொடுத்த பொருள்களின் தொகுப்பு. லண்டனில் ஒரு கலைப் பொருள் குப்பை என்று எறியப்பட்ட அதே ஆண்டில், குப்பை என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடிய சில்லறைப் பொருள்கள் இங்கே கலையாகச் சேர்ந்தன. இரண்டு கூடங்களிலும் எச்சம்தான் இருந்தது. ஒன்றில் கலைஞர் உண்டாக்கிய எச்சம். மற்றதில் கலைஞர் கைநீட்டி வாங்கிக்கொண்ட எச்சம்.

சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' 2011-இல் நூல் வடிவில் வந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிக் காலங்களில் இலங்கையில் எழுதப்பட்ட காணிப் பதிவேடு. வரி வசூலிக்க அரசு வைத்திருந்த கணக்கு அது. சனாதனன் அந்தச் சொல்லைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் போட்டார். வடக்கில் வீடிழந்த தமிழர்களையும், 1990-இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையும் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கைக்கோடுகளோடு, கட்டடக் கலைஞர் போடுவது போன்ற அளவான வரைபடமும் சனாதனனின் சித்திரமும் சேர்ந்தன. ஒரே வீடு மூன்று முறை வருகிறது: வாழ்ந்தவர் நினைவில், அளவுகோலில், கலைஞர் கற்பனையில். மூன்றும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. அந்தப் பொருந்தாமையில்தான் இழந்தது எவ்வளவு என்று தெரிகிறது.

லாண்டியின் பட்டியலையும் இந்தத் தோம்பையும் அருகருகே வைக்க வேண்டும். இரண்டும் பதிவேடுகளே. முதலாவது, பொருள்கள் கண்முன் இருக்கும்போது எழுதப்பட்டு, எழுதியவராலேயே முடித்துவைக்கப்பட்டது. ஏழாயிரத்து இருநூற்று இருபத்தேழு என்ற எண் அதனால்தான் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. இரண்டாவது, பொருள்கள் போனபின் எழுதப்பட்டது. எழுதியவர்கள் பலர். எத்தனை வீடுகள் விடுபட்டன என்பதற்கு அதில் கணக்கு இல்லை. முற்றுப்பெறாத தோம்பு என்று அதற்குப் பெயர் வைத்ததே இந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான். காணியின் எல்லையைக் காட்டிச் சொந்தம் கொண்டாடப் பத்திரம் வேண்டும். பத்திரம் எரிந்தவர்களுக்குப் பென்சில் கோடு பத்திரமாகிறது.

அழிவு பற்றிய கலையில் எது துணிச்சல் என்று நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அமிலம் தெளிப்பது துணிச்சல்தான். பழத்தோலைக் காக்க மறுப்பதும் துணிச்சல்தான். ஆனால் முதல் வகையின் எச்சத்தைச் சந்தையும் அருங்காட்சியகமும் விரைந்து கைப்பற்றின. இரண்டாம் வகையின் எச்சம் அவற்றைத் திணறவைத்தது. காக்கத் தெரிந்தவர்களுக்குக் கைகட்டி நிற்கக் கற்றுக்கொடுத்தது. மூன்றாம் வகையில் எச்சம் எவரிடம் இருந்ததோ, அவரிடமே போய்க் கேட்டு வாங்கி, அவர் கையாலேயே வரையவைத்தது கலை. அழிவைக் காட்சியாக்கும் எந்தப் படைப்பைப் பார்த்தாலும், உடைந்தது எது என்று கேட்பதோடு, மிச்சம் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுப் பார்க்கலாம். விலை உயர்ந்த பல படைப்புகள் அந்தக் கேள்வியில் தடுமாறும்.

எச்சம் என்ற சொல்லுக்கு நம் இலக்கணத்தில் இன்னொரு பொருளும் உண்டு. 'வந்து', 'எழுதி', 'விட்டுப்போய்' போன்றவை வினையெச்சங்கள். தாமாக வாக்கியத்தை முடிக்க இயலாதவை. பின்னால் ஒரு வினைமுற்று வரவேண்டும் என்று காத்திருப்பவை. நினைவிலிருந்து வரைந்த அந்தத் தரைப்படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. வீட்டை விட்டு வந்து, அதை வரைந்து. அடுத்த வினை இன்னும் எழுதப்படவில்லை.